வேரின் சுவரைக் கரைத்து நுழையும் நூற்புழு: உருளைக்கிழங்கு விவசாயிகளின் நீண்ட போராட்டம்

நீலகிரி மலைச் சரிவுகளிலும், பிரிட்டனின் வயல்களிலும், அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்திலும், கென்யாவின் மேட்டு நிலங்களிலும் உருளைக்கிழங்கு பயிரிடுவோர் ஏறத்தாழ ஒரே எதிரியைத்தான் எதிர்கொண்டு வருகின்றனர். அரை மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத, நூலிழை போன்ற உடலமைப்பைக் கொண்ட முட்டைக்கூடு நூற்புழுவே அந்த எதிரி. குளோபோடெரா என்ற பேரினத்தைச் சேர்ந்த, நெருங்கிய உறவுடைய இரண்டு இனங்கள் இந்தப் பாதிப்பை ஏற்படுத்துகின்றன.

இந்தப் புழு இலையைத் தின்பதில்லை. கிழங்கைத் துளைப்பதும் இல்லை. மண்ணுக்கடியில் வேருக்குள் நுழைந்து, வேரின் உயிரணுக்களைச் சூழ்ந்திருக்கும் சுவர்களை முதலில் கரைக்கிறது, பிறகு தளர்த்துகிறது, இறுதியில் சில இடங்களில் அவை தடிப்பதற்கும் காரணமாகிறது. செடி தனக்கென்று உறிஞ்சும் நீரும், தயாரிக்கும் சர்க்கரையும் புழுவின் உணவாக மாறுகின்றன. செடி வாடி, குட்டையாகி, விளைச்சல் குறைகிறது.

உலக அளவில் தாவர நூற்புழுக்களால் விவசாயத்துக்கு ஏற்படும் இழப்பு ஆண்டுக்கு 8,000 கோடி டாலர் என்ற மதிப்பீடு ஆய்வாளர்களால் பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் நூற்புழு தாக்கிய வயலைப் பார்க்கும் விவசாயி, உரம் போதவில்லை அல்லது நீர் போதவில்லை என்றே பல நேரங்களில் கருதிவிடுகிறார் என்பதால், உண்மையான இழப்பைக் கணக்கிடுவது எளிதல்ல.

உயிரணுச் சுவரின் பணி என்ன?

விலங்குகளின் உயிரணுக்களை மெல்லிய சவ்வு மட்டுமே சூழ்ந்திருக்கிறது. தாவர உயிரணுக்களில் அந்தச் சவ்வுக்கு வெளியே உறுதியான சுவர் ஒன்றும் உண்டு. செல்லுலோஸ் என்ற நுண்ணிய இழைகள் அந்தச் சுவரின் எலும்புக்கூடாக அமைகின்றன. ஹெமிசெல்லுலோஸ் என்ற சர்க்கரைச் சங்கிலிகள் அந்த இழைகளோடு பிணைகின்றன. இவற்றுக்கு இடையேயுள்ள வெளியைக் கூழ் போன்ற பெக்டின் நிரப்புகிறது. பழப்பாகு கெட்டிப்படுவதற்குக் காரணமான அதே பெக்டின்தான், அடுத்தடுத்த உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் பசையாகவும் செயல்படுகிறது.

உயிரணுவின் உள்ளே நீர் பெரும் அழுத்தத்தோடு நிறைந்திருக்கிறது. சுவர் இல்லையென்றால் உயிரணு வெடித்துவிடும். அதே வேளையில், வெளியிலிருந்து வரும் பூஞ்சைகளுக்கும் பாக்டீரியாக்களுக்கும் முதல் தடையாக இருப்பதும் இந்தச் சுவர்தான். அவற்றில் பலவற்றிடம் செல்லுலோஸையும் பெக்டினையும் சிதைக்கும் நொதிகள் உண்டு என்பது நெடுங்காலமாக அறியப்பட்ட உண்மை. ஆனால் விலங்குகளிடம் அத்தகைய நொதிகள் சொந்தமாக இருப்பதில்லை என்றே 1990-களின் பிற்பகுதி வரை பெரும்பாலான உயிரியலாளர்கள் கருதிவந்தனர். மாடு புல்லைச் செரிப்பது அதன் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்களின் உதவியோடுதான் என்பது அதற்கு எடுத்துக்காட்டாகக் கூறப்பட்டது.

ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் முட்டைகள்

முட்டைக்கூடு நூற்புழுவின் வாழ்க்கை, இறந்த ஒரு தாயின் உடலுக்குள் தொடங்குகிறது. பெண்புழு இறந்ததும் அதன் உடற்தோல் கடினமாகிப் பழுப்பு நிறக் கூடாக மாறுகிறது. குண்டூசித் தலையைவிடச் சிறிய அந்தக் கூட்டுக்குள் பல நூறு முட்டைகள் இருக்கும். உருளைக்கிழங்கு பயிரிடப்படாவிட்டாலும், அந்த முட்டைகளில் ஒரு பகுதி 20 ஆண்டுகளுக்கும் மேலாக உயிரோடு இருக்கக்கூடியது.

அருகில் உருளைக்கிழங்குச் செடி வேர்விடும்போது, வேரிலிருந்து கசியும் சில வேதிப்பொருட்கள் மண்ணில் பரவி முட்டைகளை எட்டுகின்றன. அதுவே பொரிப்பதற்கான அறிகுறி. வெளியே வரும் இளம்புழு, உடலில் சேமித்துள்ள கொழுப்பு தீர்வதற்குள் வேரைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

அதன் வாயில் ஊசி போன்ற உட்குழலுள்ள உறுப்பு ஒன்று இருக்கிறது. அதைக் கொண்டு சுவரை மீண்டும் மீண்டும் குத்துகிறது. அதன் உணவுக்குழலோடு இணைந்த மூன்று சுரப்பிகள் சுரக்கும் திரவம், அந்த ஊசியின் வழியே வெளியேறுகிறது. அந்தத் திரவத்தில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்குத்தான் விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் விடை தேடினார்கள்.

1998 ஆம் ஆண்டின் கண்டுபிடிப்பு

நெதர்லாந்தின் வாகனிங்கன் நகரைச் சேர்ந்த கேர்ட் ஸ்மான்ட்டும், அவரோடு இணைந்து பணியாற்றிய டச்சு, அமெரிக்க ஆய்வாளர்களும் 1998 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு முக்கியமான திருப்புமுனையாக அமைந்தது. உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழுவும், சோயா மொச்சையைத் தாக்கும் அதன் உறவினமும் செல்லுலோஸை வெட்டும் நொதியைத் தாங்களே தயாரிக்கின்றன என்பதை அவர்கள் காட்டினார்கள். அதற்கான மரபணு, புழுவுக்குள் வாழும் நுண்ணுயிர் எதிலும் இருக்கவில்லை. அது புழுவின் சொந்த மரபணுத் தொகுதியிலேயே இருந்தது. அதே 1998 ஆம் ஆண்டில், கறையான் ஒன்றும் தனது சொந்த மரபணுவிலிருந்து செல்லுலோஸ் நொதியைத் தயாரிக்கிறது என்பதை ஜப்பானிய விஞ்ஞானிகள் அறிவித்தனர்.

2000 ஆம் ஆண்டில், பெக்டினைச் சிதைக்கும் நொதியும் இதே உருளைக்கிழங்கு நூற்புழுவில் கண்டறியப்பட்டது. 2004 ஆம் ஆண்டில் எக்ஸ்பான்சின் என்ற வகையைச் சேர்ந்த புரதம் கண்டறியப்பட்டது. இந்தப் புரதம் எதையும் வெட்டுவதில்லை. செல்லுலோஸ் இழைகளுக்கும் அவற்றோடு பிணைந்த சங்கிலிகளுக்கும் இடையேயுள்ள பிடியைத் தளர்த்திவிடுகிறது. தளர்ந்த சுவரில் மற்ற நொதிகள் எளிதாக வேலை செய்ய முடிகிறது. தாவரங்களே தங்கள் உயிரணுக்கள் வளரும்போது சுவரைத் தளர்த்த எக்ஸ்பான்சின்களைத்தான் பயன்படுத்துகின்றன.

2005 ஆம் ஆண்டில் வெளியான ஒரு சோதனை, இந்த நொதிகளின் முக்கியத்துவத்தை நேரடியாக உணர்த்தியது. செல்லுலோஸ் நொதிக்கான மரபணுவின் செயற்பாட்டை ஆய்வுக்கூடத்தில் முடக்கியபோது, வேருக்குள் நுழைவதில் வெற்றி கண்ட இளம்புழுக்களின் எண்ணிக்கை குறைந்தது. ஊசியின் குத்து மட்டும் போதாது என்பது இதன் பொருள்.

மரபணு எங்கிருந்து வந்தது?

நூற்புழுவின் இந்த நொதிகள், பிற விலங்குகளின் எந்தப் புரதத்தையும்விடப் பாக்டீரியாக்களின் நொதிகளையே அதிகம் ஒத்திருக்கின்றன. மரபணுக்கள் வழக்கமாகப் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குச் செல்கின்றன. ஆனால் மிகத் தொன்மையான காலத்தில், மண்ணில் அருகருகே வாழ்ந்த பாக்டீரியாக்களிடமிருந்து நூற்புழுவின் மூதாதைகளுக்கு இந்த மரபணுக்கள் குறுக்காகத் தாவியிருக்க வேண்டும் என்பதே விஞ்ஞானிகளிடையே பெரிதும் ஏற்கப்பட்டுள்ள விளக்கம்.

இது ஒருமுறை மட்டும் நிகழ்ந்த விபத்தல்ல என்பதும் பின்னர் தெரியவந்தது. 2008 ஆம் ஆண்டில் வேர்முடிச்சு நூற்புழுவின் மரபணுத் தொகுதி முழுமையாக வாசிக்கப்பட்டபோது, தாவரச் சுவரின் சர்க்கரைச் சங்கிலிகளைச் சிதைக்கக்கூடிய 61 நொதிகளுக்கான மரபணுக்கள் அதில் இருப்பதாகக் கணக்கிடப்பட்டது. அதுவரை எந்த விலங்கிலும் காணப்படாத எண்ணிக்கை அது. பைன் மரங்களைக் கொல்லும் மற்றொரு நூற்புழுவின் செல்லுலோஸ் நொதியோ, பாக்டீரியாவின் நொதியை அல்லாமல் பூஞ்சையின் நொதியை ஒத்திருக்கிறது. அதாவது, வெவ்வேறு நூற்புழுக் குடும்பங்கள் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு உயிர்களிடமிருந்து இந்தக் கருவிகளைப் பெற்றுள்ளன.

உடைப்பு நின்றபின் தொடரும் மாற்றம்

இளம்புழு வேருக்குள் நுழைந்ததும், உயிரணுக்களை ஒவ்வொன்றாகத் துளைத்துக்கொண்டு நீர்க்குழாய்கள் உள்ள மையப்பகுதியை நோக்கி நகர்கிறது. அங்கே ஓர் உயிரணுவைத் தெரிவு செய்து, அதனுள் ஊசியைச் செலுத்தி, அதே இடத்தில் தங்கிவிடுகிறது. அதன்பிறகு அது நகர்வதில்லை. நகர்வுக்கான தசைகளும் மெலிந்து போகின்றன. எனவே, அந்த ஓர் உயிரணுவைச் சுற்றியுள்ள பகுதி தனக்கு வாரக்கணக்கில் உணவு தர வேண்டிய கட்டாயம் புழுவுக்கு ஏற்படுகிறது.

தெரிவு செய்யப்பட்ட உயிரணுவுக்கும் அதன் அண்டை உயிரணுக்களுக்கும் இடையே இயற்கையாகவே உள்ள நுண்துளைகள் முதலில் அகலமாகின்றன. பின்னர் இடைச்சுவர்களின் பகுதிகள் கரைகின்றன. உள்ளிருக்கும் திரவங்கள் ஒன்றாகக் கலக்கின்றன. இப்படியே சுமார் 200 உயிரணுக்கள் வரை இணைந்து, ஒரே பெரிய உணவுக்களமாக மாறுகின்றன.

இங்கேதான் ஆய்வாளர்கள் ஒரு புதிரைச் சந்தித்தனர். புழு ஓரிடத்தில் தங்கியவுடன், செல்லுலோஸ் நொதியைத் தயாரிப்பதை நிறுத்திவிடுகிறது. முதிர்ந்த ஆண்புழு வேரை விட்டு வெளியேற வேண்டிய வேளையில் மட்டுமே அந்த மரபணு மீண்டும் செயற்படுகிறது. அப்படியானால், உணவுக்களத்தின் சுவர்களைக் கரைப்பது யார்?

அதைச் செய்வது செடியே என்பதுதான் விடை. கனி பழுக்கும்போதும், இலை உதிரும்போதும், புதிய வேர் கிளைக்கும்போதும் சுவர்களைத் தளர்த்துவதற்காகத் தாவரங்களிடம் சொந்தமாக நொதிகள் உண்டு. நூற்புழு தங்கிய இடத்தில், செடியின் அந்த நொதிகளுக்கும் எக்ஸ்பான்சின்களுக்கும் உரிய மரபணுக்கள் தூண்டப்படுகின்றன என்பதை 2001 முதல் வெளியான ஆய்வுகள் காட்டின. புழு, செடியின் உள் ஏற்பாட்டையே தனக்காக இயங்க வைக்கிறது.

2008 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கண்டுபிடிப்பு இதற்குத் தெளிவான சான்று. பீட்ரூட்டைத் தாக்கும் நூற்புழு சுரக்கும் ஒரு புரதம், செடியின் பெக்டினை மாற்றியமைக்கும் நொதி ஒன்றோடு நேரடியாக இணைகிறது. அந்தத் தாவர நொதி, பெக்டினிலிருந்து மெத்தில் குழுக்களை நீக்குகிறது. அவை நீங்கினால், பெக்டினை வெட்டும் நொதிகளுக்கு வழி எளிதாகிறது. சோதனைச் செடிகளில் அந்தத் தாவர நொதி இல்லாமல் செய்யப்பட்டபோது நூற்புழுத் தாக்குதல் குறைந்தது. அது அதிகமாகச் சுரக்கும்படி செய்யப்பட்டபோது தாக்குதல் கூடியது.

கரைப்பதோடு கதை முடிவதில்லை. பல உயிரணுக்கள் இணைந்த களத்தினுள் அழுத்தம் சுமார் 10 வளிமண்டலம் வரை உயர்வதாக அளவிடப்பட்டுள்ளது. கார் சக்கரத்தில் உள்ளதைவிட இது பல மடங்கு. அதைத் தாங்குவதற்காகக் களத்தின் வெளிச்சுவர் தடிக்கிறது. நீர்க்குழாயை ஒட்டிய பக்கத்தில் சுவர் விரல் போன்ற மடிப்புகளாக உள்நோக்கி வளர்கிறது. மடிப்புகளால் சவ்வின் பரப்பு பெருகுவதால், நீரும் ஊட்டச்சத்தும் விரைவாக உள்ளே வருகின்றன. ஒரே உயிரணுவின் ஒருபக்கச் சுவர் கரைய, மறுபக்கச் சுவர் வளர்கிறது. இந்த வேறுபாடு எப்படிக் கட்டுப்படுத்தப்படுகிறது என்பதே இத்துறையில் இன்று தீவிரமாக ஆராயப்படும் கேள்விகளில் ஒன்று.

வேர்முடிச்சு நூற்புழுவின் வேறு வழி

தக்காளி, கத்தரி, வெண்டை போன்ற பயிர்களின் வேர்களில் முடிச்சுகளை உண்டாக்கும் நூற்புழு, இதே நோக்கத்தை வேறு முறையில் நிறைவேற்றுகிறது. அது உயிரணுக்களைத் துளைப்பதில்லை. பெக்டின் பசையைத் தளர்த்தி, உயிரணுக்களுக்கு இடையே புகுந்து செல்கிறது. இடைச்சுவர்களைக் கரைத்து இணைப்பதற்குப் பதிலாக, ஒரு சில உயிரணுக்களை மட்டும் தெரிவு செய்கிறது. அவற்றில் உட்கரு மீண்டும் மீண்டும் பிரிகிறது. ஆனால் பிரிந்த உட்கருக்களுக்கு நடுவே புதிய சுவர் எழுவதில்லை. இதனால் பல உட்கருக்களைக் கொண்ட இராட்சத உயிரணுக்கள் உருவாகின்றன.

இந்த வகைப் புழுவுக்குத் தமிழகத்தோடு நீண்ட தொடர்பு உண்டு. இந்தியாவில் தாவர நூற்புழு பற்றிய முதற்பதிவாகக் கருதப்படுவது, இன்றைய நீலகிரி மாவட்டத்தின் தேவாலா பகுதியில் தேயிலை வேர்களில் வேர்முடிச்சு நூற்புழுவைக் கண்டு, தாவரவியலாளர் சி.ஏ. பார்பர் 1901 ஆம் ஆண்டில் எழுதிய குறிப்பாகும். இவரே பின்னாளில் கோயம்புத்தூரில் கரும்பு இன ஆராய்ச்சிக்கு அடித்தளம் இட்டவர்.

ஒரு புழுவை வென்றபோது வளர்ந்த மற்றொரு புழு

1952 ஆம் ஆண்டில், பிரிட்டனைச் சேர்ந்த கான்ராட் எல்லன்பி, தென் அமெரிக்க உருளைக்கிழங்குச் சேகரிப்பில் நூற்புழுவை எதிர்க்கும் செடிகளைக் கண்டறிந்தார். அவற்றிலிருந்து பெறப்பட்ட எச்-1 என்ற மரபணு, வணிக ரகங்களில் சேர்க்கப்பட்டது. 1966 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட மாரிஸ் பைப்பர் ரகம் அவற்றில் புகழ்பெற்றது. பிரிட்டனில் வாழும் தமிழர்களுக்கும் கடைகளில் நன்கு அறிமுகமான கிழங்கு இது.

இந்த மரபணு உள்ள செடியின் வேருக்குள் புழு நுழைவதைத் தடுக்க முடிவதில்லை. ஆனால் புழு உணவுக்களத்தை அமைக்கத் தொடங்கியதும், சுற்றியுள்ள உயிரணுக்கள் தாமாகவே மடிகின்றன. களம் துண்டிக்கப்படுகிறது. உணவு குறைவதால் பெரும்பாலான புழுக்கள் பெண்ணாக முதிராமல் ஆணாகவே மாறுகின்றன. பெண்புழு இல்லையென்றால் முட்டைக்கூடும் இல்லை.

எனினும் இந்த வெற்றிக்கு ஒரு விலை இருந்தது. எச்-1 மரபணு எதிர்ப்பது, பெண்புழு பொன்னிறமாகும் இனத்தை மட்டுமே. வெளிர்நிறப் பெண்புழுவைக் கொண்ட மற்ற இனத்தை அது தடுப்பதில்லை. ஒரே எதிர்ப்பு ரகத்தைத் திரும்பத் திரும்பப் பயிரிட்ட வயல்களில், பொன்னிறப் புழு குறையக் குறைய, வெளிர்நிறப் புழு பெருகியது. இங்கிலாந்தில் இன்று மேலோங்கியிருப்பது இந்த இரண்டாவது இனமே. ஒரேயொரு மரபணுவை நம்பிப் பெரும் பரப்பில் பயிரிடுவதன் ஆபத்துக்கு இது எச்சரிக்கையாகக் கூறப்படுகிறது.

நீலகிரியும் தனிமைப்படுத்தல் விதிகளும்

இந்தியாவில் உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழு முதன்முதலில் கண்டறியப்பட்டது 1961 ஆம் ஆண்டில், உதகமண்டலத்தை அடுத்த விஜயநகரம் பகுதியில். பிரிட்டிஷ் நூற்புழு நிபுணர் எஃப்.ஜி.டபிள்யூ. ஜோன்ஸ் அதை அடையாளம் கண்டார். நீலகிரியில் இரண்டு இனங்களுமே உள்ளன. கொடைக்கானல் மலையிலும் அவை காணப்படுகின்றன. நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கு வெளியே செல்வதைத் தடுக்கும் நோக்கில் 1971 ஆம் ஆண்டில் தனிமைப்படுத்தல் கட்டுப்பாடு கொண்டுவரப்பட்டது.

ஆனால் 2018 ஆம் ஆண்டில், இமாச்சலப் பிரதேசம், ஜம்மு காஷ்மீர், உத்தராகண்ட் ஆகிய வட மாநிலங்களின் மலைப்பகுதிகளிலும் புழு இருப்பது உறுதியாகி, அங்கிருந்து விதைக்கிழங்கு அனுப்புவதற்கு மத்திய அரசு தடை விதித்தது. நாட்டின் பல பகுதிகளுக்கு விதைக்கிழங்கு வழங்கிவந்த பகுதிகள் அவை.

இத்தகைய தடைகள் தொலைவிலுள்ள வயல்களைக் காக்கின்றன. அவற்றின் சுமையோ, புழு கண்டறியப்பட்ட இடத்தின் விவசாயி மீதே விழுகிறது. விதைக்கிழங்கு என்ற அதிக விலை கிடைக்கும் சந்தையை அவர் இழக்கிறார். இது இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்கா 1948 ஆம் ஆண்டிலேயே இந்தப் புழுவுக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. 2006 ஆம் ஆண்டில் ஐடஹோவில் வெளிர்நிறப் புழு காணப்பட்டதும், ஜப்பான் அமெரிக்க உருளைக்கிழங்கு இறக்குமதியை நிறுத்தியது. ஐரோப்பாவில் விதைக்கிழங்கு பயிரிடும் நிலத்தின் மண் முன்கூட்டியே பரிசோதிக்கப்பட வேண்டும் என்பது விதி.

வயலுக்கு என்ன வழி?

ஒரு காலத்தில் மண்ணில் நச்சு வாயுக்களைச் செலுத்துவதே தீர்வாகக் கருதப்பட்டது. டிபிசிபி என்ற நூற்புழுக்கொல்லியைத் தயாரித்த தொழிலாளர்கள் மலட்டுத்தன்மைக்கு உள்ளானது 1977 ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவில் வெளிப்பட்டது. மெத்தில் புரோமைடு, ஓசோன் படலத்தைப் பாதிப்பதால், மொன்றியல் உடன்பாட்டின் கீழ் வளர்ந்த நாடுகளில் 2005 ஆம் ஆண்டுக்குள்ளும், வளரும் நாடுகளில் 2015 ஆம் ஆண்டுக்குள்ளும், சில விதிவிலக்குகளோடு, விலக்கப்பட்டது.

பயிர்ச் சுழற்சி பாதுகாப்பான வழி. ஆனால் அதற்குப் பொறுமை தேவை. உருளைக்கிழங்கு இல்லாத மண்ணில் உயிருள்ள முட்டைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவதாக எடுத்துக்கொண்டால், நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னும் ஐந்தில் ஒரு பங்கு எஞ்சியிருக்கும். ஒரு ஏக்கருக்கும் குறைவான நிலம் வைத்திருக்கும் மலை விவசாயி, அத்தனை ஆண்டுகள் உருளைக்கிழங்கைக் கைவிட்டுக் காரட்டையும் முட்டைக்கோஸையும் மட்டுமே நம்பியிருப்பது சந்தை விலையைப் பொறுத்தது.

எதிர்ப்பு ரகங்கள் இதில் உதவுகின்றன. அவற்றின் வேர்களும் முட்டைகளைப் பொரிக்கத் தூண்டும். ஆனால் பொரித்த புழுக்கள் இனப்பெருக்கம் செய்ய முடியாமல் மடியும். எனவே, வெறும் நிலத்தைவிட விரைவாக மண்ணில் புழு குறைகிறது. நீலகிரிக்கென 1985 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட குஃப்ரி சுவர்ணா ரகம், இரண்டு இனங்களையும் எதிர்க்கக்கூடியது. அண்மை ஆண்டுகளில் குஃப்ரி சஹ்யாத்ரி போன்ற ரகங்களும் வந்துள்ளன.

உயிரணுச் சுவர் பற்றிய ஆய்வுகள் இதற்கு அப்பாலும் சில வழிகளைக் காட்டுகின்றன. புழுவின் நொதி மரபணுக்களைச் செடிக்குள்ளிருந்தே முடக்குவது ஒன்று. புழு தன் தேவைக்கு ஏவிக்கொள்ளும் செடியின் நொதிகளை, வேரின் வளர்ச்சி கெடாதவாறு மாற்றுவது மற்றொன்று. ஆனால் அந்த நொதிகள் செடிக்கும் தேவை என்பதால், இரண்டாவது வழி எளிதானதல்ல. மேலும், மரபணு மாற்றப்பட்ட உணவுப்பயிர்கள் குறித்துப் பல நாடுகளில் அரசியல் கருத்து வேறுபாடுகள் நீடிக்கின்றன.

ஆய்வுக்கூடத்தின் விடைகள் வயலை எட்டும்வரை, மண்ணைப் பரிசோதிப்பதும், சுத்தமான விதைக்கிழங்கைப் பயன்படுத்துவதும், ஒட்டிய மண்ணோடு கருவிகளையும் சாக்குகளையும் ஒரு வயலிலிருந்து மறு வயலுக்குக் கொண்டுசெல்லாமல் தவிர்ப்பதுமே விவசாயியின் கையில் உள்ள பாதுகாப்பு. ஒரு சாக்கில் ஒட்டிய கைப்பிடி மண்ணில் உள்ள சில கூடுகளே, ஒரு புதிய வயலில் பல்லாண்டுத் தொல்லையைத் தொடங்கிவைக்கப் போதுமானவை.